வீட்டுச் சட்டியிலிருந்து பிள்ளையின் பங்கு: ஆறு மாதம் முதல் முன்பள்ளி வரை

வன்னியில் ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம் நிறையும்போது வீட்டில் முதலில் எழுகின்ற கேள்வி, எந்தக் கடையில் எந்தப் பேணி வாங்குவது என்பதாகவே பெரும்பாலும் இருக்கின்றது. அடுக்களையில் அரிசியும் பயறும் இருக்கின்றன, வேலியோரம் முருங்கை நிற்கின்றது, குளத்து மீனும் கடல் மீனும் சைக்கிளில் படலைக்கே வருகின்றன. இருந்தும், புதிதாகத் தாய் தந்தையரானவர்கள் பிள்ளைக்கான உணவு வேறெங்கோ செய்யப்பட்டு வரவேண்டியது என்று எண்ணிவிடுகின்றார்கள். அவர்களுக்காகவே இதனை எழுதுகின்றேன். பிள்ளைக்கெனத் தனிச் சமையல் தேவையில்லை. வீட்டுச் சட்டியில் வேகின்றதிலிருந்தே அதன் பங்கை உரிய நேரத்தில் எடுத்து, உரிய தடிப்பில் மசித்துக் கொடுத்தால் போதும்.

தடிப்பு என்ற சொல்லை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் மூத்த மகளுக்கு ஆறாம் மாதத்தில் நான் கொடுக்கத் தொடங்கியது, சோற்றை வேகவைத்து, மசித்து, வடித்தெடுத்த தண்ணீர்க் கஞ்சி. அவள் விரும்பிக் குடித்தாள், வயிறு நிறைந்து உறங்கினாள், நானும் மன நிறைவோடு இருந்தேன். எட்டாம் மாதத்தில் கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தபோது, வளர்ச்சிப் பதிவேட்டிலிருந்த கோடு மேலேறாமல் கிடையாக ஓடியிருந்தது. அடுத்த வாரம் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, கோப்பையிலிருந்த கஞ்சியில் ஒரு கரண்டி அள்ளி என் கையில் தந்தார். "பிள்ளை, கரண்டியைச் சரிச்சுப் பாருங்கோ. வழிஞ்சு ஓடினா அது தண்ணி, சாப்பாடு இல்லை" என்றார். நான் சரித்தேன், ஒரு நொடியில் அத்தனையும் ஓடிவிட்டது. கரண்டியில் மிஞ்சியது நான்கைந்து சோற்றுப் பருக்கைகளின் மசிவு மட்டுமே.

அந்தக் கரண்டிச் சோதனைக்குப் பின்னால் எளிய கணக்கொன்று இருக்கின்றது. சிறு பிள்ளையின் இரைப்பை, உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் அளவையே கொள்ளும். 8 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 240 மில்லிலீற்றர், அதாவது ஒரு கோப்பைக்கும் சற்றுக் குறைவு. அந்தச் சிறிய இடத்தைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால், வளர்வதற்கு வேண்டிய அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் இடமில்லாமற் போய்விடுகின்றது. ஆகவே, கரண்டியைச் சரித்தால் உணவு மெல்ல நழுவ வேண்டுமேயன்றி ஓடக்கூடாது. இனிச் சொல்லப்போகும் எல்லாச் சமையலுக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

தொடங்குவதற்கு முன்

மூடியுள்ள ஒரு சிறிய சட்டி, மசிப்பதற்கு ஒரு முள்ளுக்கரண்டி, கண் நுண்ணிய ஓர் அரிதட்டு, 250 மில்லிலீற்றர் கொள்கின்ற ஒரு கோப்பை, ஒரு தேக்கரண்டி ஆகியன போதும். சூப்பிப் போத்தல் வேண்டாம். அதன் காம்புக்குள் தங்குகின்ற பாலையும் மாவையும் முற்றாகக் கழுவி எடுப்பது கடினம்; வன்னி வெயிலில் அந்த மிச்சத்தில் கிருமி பெருக அதிக நேரம் எடுக்காது. கோப்பையும் கரண்டியும் கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்கக்கூடியவை. சமைப்பதற்கு முன்னர் உங்கள் கைகளையும், ஊட்டுவதற்கு முன்னர் உங்கள் கைகளோடு பிள்ளையின் கைகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொதித்தாறிய நீரே பிள்ளைக்கு உரியது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால், வவுனியா மாவட்டத்தின் பல ஊர்களில் கிணற்று நீரிலும் குழாய்க்கிணற்று நீரிலும் புளோரைட்டு மிகுதியாக உள்ளது; பிள்ளைகளின் பற்களில் பழுப்புப் படிவது அதனாலேதான். கொதிக்கவைத்தால் கிருமி சாகுமே தவிர, புளோரைட்டு நீங்குவதில்லை. நீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். அத்தகைய ஊர்களில் இருப்போர், சுத்திகரிப்பு நிலையத்தில் பெறுகின்ற நீரைக் குடிப்பதற்கும் பிள்ளையின் சமையலுக்கும் ஒதுக்கிவைத்து, அதனையும் கொதிக்கவைத்தே பயன்படுத்துவது நல்லது. பாத்திரம் கழுவக் கிணற்று நீர் போதும்.

முதல் வாரங்கள்

ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, தேவையில்லை. ஆறு மாதம் நிறைந்த பின்னர் தாய்ப்பால் மட்டும் போதாது; குறிப்பாக, பிறக்கும்போது பிள்ளை உடலில் கொண்டுவந்த இரும்புச்சத்து அந்தக் காலத்தோடு வற்றத் தொடங்குகின்றது. எனவே உணவு சேர வேண்டும், தாய்ப்பாலும் இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ தொடர வேண்டும்.

முதல் உணவை இவ்வாறு செய்யலாம். தவிடு முற்றாக நீக்காத சிவப்புப் பச்சையரிசி இரண்டு மேசைக்கரண்டியும் மைசூர்ப் பருப்பு ஒரு மேசைக்கரண்டியும் எடுத்துக் கழுவி, ஒன்றரைக் கோப்பை நீருடன் சட்டியில் இட்டு, மூடி, மெல்லிய நெருப்பில் நன்றாகக் குழைய வேகவிடுங்கள். மொட்டைக்கறுப்பனோ வேறு நாட்டரிசியோ கிடைத்தால் இன்னும் நல்லது. வேக நேரம் கூடுதலாக எடுக்கும் என்பதால் அரை மணி நேரம் ஊறவைத்துக்கொள்ளுங்கள். வெந்ததைக் கரண்டியின் முதுகால் அரிதட்டில் தேய்த்து மசித்து, ஒரு தேக்கரண்டி முதற் தேங்காய்ப்பால் சேருங்கள். இறுகிவிட்டால் தாய்ப்பாலைச் சிறிது பீய்ச்சி விட்டு இளக்கலாம். பிள்ளைக்குப் பழகிய மணமும் அதில் வந்துவிடும். மின் அரைப்பானில் இட்டு அரைக்க வேண்டாம். அது சுழல வேண்டுமானால் தண்ணீர் விட வேண்டிவரும், அத்தோடு பிள்ளையும் மெல்லப் பழகாது.

முதல் சில நாட்களில் இரண்டு மூன்று தேக்கரண்டி, நாளுக்கு இரண்டு வேளை போதும். நாக்கால் வெளியே தள்ளினால் வெறுக்கின்றது என்று பொருளல்ல. பால் உறிஞ்சிய நாக்கு விழுங்கப் பழகுகின்றது, அவ்வளவுதான். அதன் பின்னர் பூசணி, கரட், பயறு, வாழைப்பழம், பப்பாசிப்பழம் என ஒவ்வொன்றாகச் சேர்த்து, புதிதாகச் சேர்த்த ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று நாட்கள் கொடுத்து, தோலில் தடிப்போ வாந்தியோ வயிற்றோட்டமோ வருகின்றதா என்று பாருங்கள். முட்டையும் மீனும் கொடுத்தால் மாந்தம் வரும் என்று பெரியவர்கள் அஞ்சி, ஒரு வயது வரை ஒதுக்கிவைப்பதுண்டு. அவர்களின் அன்பை மதித்துக்கொண்டே இதனை எடுத்துச் சொல்லுங்கள்: நன்றாக வெந்த முட்டையையும் முள் நீக்கிய மீனையும் தள்ளிப்போட வேண்டியதில்லை, ஏழாம் மாதத்திலேயே கொடுக்கலாம். தள்ளிப்போட வேண்டியது தேன். ஒரு வயதுக்கு முன்னர் தேனை நாக்கில் தொட்டும் வைக்கக்கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் பிள்ளையின் குடலில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும். உப்பும் சீனியும் முதல் வருடத்தில் சேர்க்கவே தேவையில்லை.

அளவும் பதமும் மாதத்தோடு மாற வேண்டும். எட்டாம் மாதம் நிறைவதற்குள், நாளுக்கு இரண்டு மூன்று வேளையாக, வேளைக்கு அரைக் கோப்பைக்கு வந்துவிட வேண்டும். ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. அரிதட்டை எடுத்து வைத்துவிட்டு முள்ளுக்கரண்டியால் மட்டும் மசியுங்கள், கையில் பிடித்துக் கடிக்க அவித்த வற்றாளைக்கிழங்குத் துண்டும் கொடுங்கள். இந்த மாதங்களில் கட்டியும் திரளுமான உணவைப் பழக்காமல் விட்டால், பின்னர் சோற்றைக் கண்டாலே ஓங்காளிக்கின்ற பிள்ளையாகிவிடும். ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடே அதன் சாப்பாடு. வேளைக்கு முக்கால் முதல் ஒரு கோப்பை, நாளுக்கு மூன்று நான்கு வேளை, இடையில் ஓரிரு சிற்றுண்டி.

சட்டியிலிருந்து எடுக்கும் நேரம்

இது பழகிவிட்டால் மற்றதெல்லாம் எளிது. ஒரு சாதாரண மதியச் சமையலை எடுத்துக்கொள்வோம்: சோறு, பூசணிக்காய்க் கறி, மீன், முருங்கையிலைச் சுண்டல் அல்லது சொதி. வழக்கமாக வெங்காயம், பச்சைமிளகாய் வதக்கி, தூளும் உப்பும் இட்டுவிட்டுத்தான் காயைப் போடுகின்றோம். அந்த வரிசையை மாற்றுங்கள். பூசணித் துண்டுகளை வெங்காயம், ஒரு பல்லு உள்ளி, சிட்டிகை மஞ்சள், சிறிது சீரகத்துடன் இரண்டாம் தேங்காய்ப்பாலில் அவியவிடுங்கள். துண்டு விரலுக்கு நசியும் பதம் வந்ததும், நான்கு துண்டுகளைக் குழம்போடு பிள்ளையின் கோப்பைக்கு எடுத்து, மேலே ஒரு கரண்டி முதற்பால் விட்டு மூடி வையுங்கள். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு மிளகாய்த்தூளும் உப்பும் இட்டு, ஒரு கொதி கொதிக்கவைத்து இறக்குங்கள். கறியின் சுவை கெடாது. முதல் இரண்டு நாள் கை பழக்கத்தில் தூளைப் போட்டுவிடும், அவ்வளவே. சொதிக்கும் இதே முறைதான்: பச்சைமிளகாயைக் கீறிப் போடுவதற்கு முன்னர் பிள்ளைக்கு எடுத்துவிட வேண்டும்.

மீனில் முள்தான் அச்சம். விராலுக்கும் பாரைக்கும் முள் பெரிது, எளிதில் பிரித்தெடுக்கலாம். மஞ்சளும் உள்ளியும் இட்டு அவித்த துண்டை ஆறவைத்து, தோலை நீக்கி, சதையைச் சிறிது சிறிதாகப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உருட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத முள் விரலுக்குத் தெரியும். ஒரு முறை பார்த்ததை இன்னொரு முறையும் வேறு கோப்பைக்கு மாற்றும்போது பாருங்கள். சூடை மீன் மலிவானது, சத்தும் மிகுந்தது. ஆனால் மயிர்முள் நிறைந்ததாகையால் சிறு பிள்ளைக்கு அப்படியே கொடுக்கக்கூடாது.

முருங்கையிலையை நெட்டு இல்லாமல் உருவி, ஒரு சிறங்கை அளவை எடுத்து, பருப்பு வெந்து இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னர் போட்டுப் பருப்போடு சேர்த்து மசித்துவிட்டால், பிள்ளை இலையென்று அறியாமலே உண்டுவிடும். பொன்னாங்காணி, பசளி, அகத்தி எதற்கும் இது பொருந்தும். இலைக்கறிக்கும் பூசணிக்கும் பப்பாசிக்கும் எண்ணெய்ப்பசை கட்டாயம் வேண்டும், ஏனெனில் அவற்றிலிருந்து உடல் பெறும் விற்றமின் ஏ கொழுப்போடு சேர்ந்தே உறிஞ்சப்படுகின்றது. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ தேங்காய்ப்பாலோ அதற்குப் போதும், கோப்பையின் பாரத்தைக் கூட்டாமலே சக்தியையும் கூட்டிவிடும். இறக்கி ஆறிய பின்னர் சில துளி தேசிப்புளி விடுவதும் பயனுள்ளது. பருப்பிலும் இலையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க அது துணை செய்யும். இதற்கு நேர்மாறாக வேலை செய்வது தேநீர். பிள்ளைக்கு வெறுந்தேநீரில் விசுக்கோத்தைத் தோய்த்துக் கொடுக்கின்ற வழக்கம் எங்கள் ஊர்களில் மிகப் பரவலாக இருக்கின்றது. தேயிலையின் துவர்ப்பு, உண்ட உணவின் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றது, சீனி பசியைக் கொல்கின்றது. மெலிந்து வெளிறிய பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் தேநீர்க் கோப்பைதான் எனக்கு நினைவுக்கு வருகின்றது. இதனை மட்டும் நிறுத்தினாலே பெரிய மாற்றம் தெரியும்.

மீன் கிடைக்காத நாட்களுக்கு நெத்தலித் தூள் கைவசம் இருக்கட்டும். நெத்தலிக் கருவாட்டின் தலையையும் குடலையும் நீக்கி, இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, நீரை மூன்று தடவை மாற்றி உப்பைப் போக்குங்கள். பிழிந்து, வெயிலில் முறுகக் காயவைத்து, வெறுஞ்சட்டியில் மணம் வரும் வரை வறுத்து, ஆறியதும் உரலில் இடித்து, அரிதட்டில் அரித்துக் காய்ந்த போத்தலில் அடையுங்கள். சோற்றிலோ புட்டிலோ அரைத் தேக்கரண்டி தூவினால் போதும். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட அளவில் செய்து வைக்காதீர்கள், மழைக்காலத்தில் அதற்கு முன்னரே பூஞ்சணம் பிடித்துவிடும்.

முளைகட்டிய குரக்கன் மா

குரக்கனைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன், ஏனெனில் மானாவாரிப் புன்செய்க்கும் சேனைப் பயிர்ச்செய்கைக்கும் உரிய இந்தத் தானியம் பிள்ளைகளின் உணவில் செய்யக்கூடியதை அரிசியால் செய்ய முடியாது. 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உள்ளது, அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம்தான். பல்லும் எலும்பும் வளர்கின்ற வயதில் இது சிறிய வேறுபாடல்ல.

ஆனால் குரக்கன் மாவைக் கஞ்சியாகக் காய்ச்சினால் சிறிதளவு மாவிலேயே இறுகிப் பசையாகிவிடும். பிள்ளை விழுங்கட்டும் என்று தண்ணீர் விட்டு இளக்கினால், நான் முன்னர் சொன்ன தண்ணீர்க் கஞ்சிக்கே திரும்பிவிடுவோம். இந்தச் சிக்கலை முளை தீர்த்துவைக்கின்றது. தானியம் முளைக்கும்போது, தன்னிடமுள்ள மாப்பொருளை உடைக்கின்ற நொதியம் ஒன்று அதில் உண்டாகின்றது. அந்த முளைமா கஞ்சியில் சேர்ந்தால், மாவின் அளவு குறையாமலே கஞ்சி இளகிவிடும்.

செய்முறை இது. குரக்கன் 500 கிராமைச் சுளகில் புடைத்து, கல்லும் உமியும் போகக் கழுவி, முதல் நாள் மாலை ஊறவையுங்கள். விடியற்காலையில் நீரை வடித்து, ஈரமான பருத்தித் துணியில் முடிந்து, காற்றோட்டமான நிழலில் ஓர் அரிதட்டின் மேல் வையுங்கள். காலையும் மாலையும் நீர் தெளித்து ஈரத்தைப் பேணினால், ஒன்றரை நாளுக்குள் ஒவ்வொரு மணியிலும் வெண்ணிற முனை எட்டிப்பார்க்கும். முளை மணியின் நீளத்தைத் தாண்ட விட வேண்டாம். புளித்த மணமோ வழுவழுப்போ வந்துவிட்டால் தயங்காமல் மாட்டுக்குப் போட்டுவிடுங்கள். நன்றாக இருந்தால் துணியில் பரவி, நல்ல வெயிலில் ஒரே நாளில் காயவையுங்கள். மணியைப் பல்லில் கடித்தால் நொறுங்க வேண்டும். மழை மூட்டமான நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

காய்ந்ததில் ஒரு கைப்பிடியை வறுக்காமல் தனியே எடுத்து வையுங்கள். மிகுதியை மெல்லிய நெருப்பில், நிறம் கருகாமல் வறுத்து எடுங்கள். அதனோடு தனித்தனியே வறுத்த பயறு 250 கிராம், சிவப்பரிசி 250 கிராம், எள்ளு 50 கிராம் சேர்த்து ஆலையில் கொடுத்து அரைத்து, அரித்து, ஆறவைத்து அடையுங்கள். மிளகாய் அரைத்த கையோடு ஆலைக்காரர் இதனை அரைத்துவிடாதபடி, அரிசி மா அரைத்த பின்னர் அரைக்கச் சொல்லுங்கள். தனியே வைத்த முளைக்குரக்கனை வீட்டு உரலிலோ அம்மியிலோ தூளாக்கிச் சிறிய போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். கச்சானை இந்த மாவில் சேர்த்து அரைக்க வேண்டாம், அதன் எண்ணெய் மாவைச் சிக்குப் பிடிக்கச் செய்துவிடும். சமைக்கின்ற அன்று, வறுத்துத் தோல் நீக்கிய கச்சானை மாவாக இடித்து ஒரு தேக்கரண்டி போடலாம். பூஞ்சணம் பிடித்த கச்சானை, துடைத்தோ வறுத்தோகூடப் பயன்படுத்தக்கூடாது.

கஞ்சிக்கு, மூன்று மேசைக்கரண்டி மாவை ஒரு கோப்பை குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிண்டிக்கொண்டே காய்ச்சுங்கள். அகப்பை நிற்குமளவு இறுகியதும் இறக்கி, விரல் வைத்தால் பொறுக்காத, ஆனால் கொதி அடங்கிய சூட்டுக்கு வரவிடுங்கள். இப்போது அந்தச் சிறிய போத்தலிலிருந்து ஒரு தேக்கரண்டி முளைமாவை இட்டுக் கிண்டுங்கள். ஐந்து நிமிடத்துக்குள், பசையாய் நின்ற கஞ்சி கண்முன்னே நெகிழ்ந்து அகப்பையிலிருந்து வழியத் தொடங்கும். முதன்முறை பார்ப்பவர்கள் யாரோ தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்றே நினைப்பார்கள். முளைமா வறுபடாதது என்பதால், இளகிய பின்னர் மறுபடியும் அடுப்பில் ஏற்றி நன்றாகக் கொதிக்கவைத்தே இறக்க வேண்டும். முதற்பால் இரண்டு தேக்கரண்டியும் மசித்த வாழைப்பழமும் சேர்த்தால் சீனி கேட்காது. கரண்டிச் சோதனையில் இந்த ஒரு கஞ்சிக்கு மட்டும் விலக்குண்டு. இது சற்று வழிந்தாலும் உள்ளே மூன்று கரண்டி மா இருக்கின்றது.

1973 ஆம் ஆண்டிலிருந்து அரசு வழங்கிவருகின்ற திரிபோஷா என்ற சத்துமா உங்கள் பிள்ளைக்குக் கிளினிக்கில் கிடைக்கின்றதாயின், அதனையும் முறையாகக் கொடுங்கள். அது அந்தப் பிள்ளையின் எடைக்காகத் தரப்படுவது. வீட்டிலுள்ள எல்லோரும் உருண்டை பிடித்துச் சாப்பிட்டால் கொடுத்த நோக்கம் கெட்டுவிடும்.

மாலைச் சிற்றுண்டிகள்

உழுத்தங்களி பிள்ளைக்கு மிக உகந்தது. வறுத்த உழுத்தம்மா ஒரு மேசைக்கரண்டி, வறுத்த சிவப்பரிசிமா இரண்டு மேசைக்கரண்டி, ஒரு கோப்பை இரண்டாம் பால் ஆகியவற்றைக் குளிராகவே கரைத்து, மெல்லிய நெருப்பில் கைவிடாது கிண்டி, சட்டியின் ஓரத்தை விட்டு உருண்டுவரும்போது ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு இறக்குங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கதலிப்பழத்தை மசித்துச் சேருங்கள். அதற்கு மேற்பட்டவர்களுக்குச் சிறு துண்டு பனங்கட்டியைக் கரைத்து வடித்து விடலாம். பனங்கட்டியும் இனிப்புத்தான், மணத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

அவித்த வற்றாளை, அவித்துக் கடைந்த பயறு, கட்டித் தயிரில் பிசைந்த மாம்பழம், வெள்ளரிப்பழம் எல்லாம் நேரம் எடுக்காதவை. மரவள்ளியைக் கொடுப்பதானால் தோலையும் நடு நாரையும் நீக்கி, மூடாமல் நிறைந்த நீரில் அவித்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். கசக்கின்ற கிழங்கை யாருமே உண்ணக்கூடாது. மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எள்ளை வறுத்துப் பனங்கட்டியோடு உரலில் இடித்து, எண்ணெய் கசியும்போது நெல்லிக்காய் அளவில் உருட்டி, உட்காரவைத்துக் கொடுக்கலாம். முழுக் கச்சான், முழுக் கடலை, கட்டி இனிப்புகள் ஆகியவற்றை ஐந்து வயது வரை கொடுக்காதீர்கள். ஓடி விளையாடிக்கொண்டே சாப்பிடும் பிள்ளையின் மூச்சுக்குழலில் ஒரு கச்சான் பருப்பு சிக்க ஒரு சிரிப்புப் போதும்.

வைகாசி ஆனியில் பாலைப்பழம் வந்துவிட்டால், வன்னிப் பிள்ளைக்கு வேறு இனிப்பு எதற்கு? அதன் பால் உதட்டில் ஒட்டும் என்பதால், முதலில் பிள்ளையின் உதட்டில் சிறிது தேங்காயெண்ணெய் பூசிவிடுங்கள். பழத்தை நீரில் நன்றாகக் கழுவி, பிதுக்கி, வழுவழுத்த விதையை நீங்களே எடுத்துவிட்டுச் சதையை மட்டும் வாயில் வையுங்கள். வயிறு கொள்ளாத அளவுக்குத் தின்றால் வயிற்றால் போகும்; ஐந்தாறு பழம் போதும்.

முன்பள்ளிக்கு அனுப்பும் உணவில், காலையில் கட்டுவது பத்து மணிக்கு உண்ணப்படும் என்பதையும் நம் வெயிலையும் நினைவில் வையுங்கள். தேங்காய்ப்பூ கலந்த புட்டு அதற்குள் மணம் மாறக்கூடும். தேங்காய்ப்பூவை வறுத்துக் கலந்தால் தாக்குப்பிடிக்கும். முருங்கையிலை சேர்த்துப் பிசைந்த குரக்கன் ரொட்டியும், அவித்த முட்டையும், நன்றாக அவித்த கௌபியும் பாதுகாப்பானவை. இடையில் குடிக்கக் கொதித்தாறிய நீர்.

உண்ண மறுக்கும்போதும் நோயுறும்போதும்

பிள்ளைக்குத் தனித் தட்டு வையுங்கள். எவ்வளவு உண்டது என்பது அப்போதுதான் தெரியும். தொலைபேசியைக் காட்டி ஊட்டினால் வாய் திறக்கும், ஆனால் தன் பசியையும் நிறைவையும் பிள்ளை அறியாது. ஒரு புதிய உணவை ஒரு தடவை துப்பியதும் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், எட்டுப் பத்துத் தடவை இடைவெளி விட்டுக் காட்டிய பின்னரே பல பிள்ளைகள் ஏற்றுக்கொள்கின்றார்கள். என் இளைய மகன் வெண்டிக்காயை ஒரு மாதம் துப்பினான். அண்ணன்மார் தின்பதைப் பார்த்து ஒரு நாள் தானே எடுத்துத் தின்றான். சமைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்ததையும், பிள்ளையின் எச்சில் கரண்டி பட்ட மிச்சத்தையும் மாலைக்கென எடுத்து வைக்காதீர்கள்.

காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் சோற்றை நிறுத்திப் பட்டினி போடுகின்ற வழக்கம் பிள்ளையை மேலும் தளர்த்திவிடும். தாய்ப்பாலைக் கூட்டி, வயிற்றோட்டத்துக்கு, இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூள் பொதியை அதில் குறிப்பிட்ட அளவு நீரில் கரைத்துக் கொடுத்து, குழைந்த சோறு, பயற்றங்கஞ்சி, வாழைப்பழம் என விரும்பியதைச் சிறிது சிறிதாக அடிக்கடி ஊட்டுங்கள். சிறுநீர் குறைந்தால், கண் குழிவிழுந்தால், குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். நோய் நீங்கிப் பசி திரும்பிய பின்னர், இரண்டு வாரங்களுக்கு நாளுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். இழந்த எடை அந்த நாட்களில்தான் திரும்பும். அடுத்த கிளினிக் நாளில் நிறுத்து, பதிவேட்டில் புள்ளியிட்டு, முந்தைய புள்ளியோடு கோடு மேலேறுகின்றதா என்று நீங்களே பாருங்கள்.